செய்தியின் இரண்டாம் பாதி

தெலுங்கு மண்ணில் குடியேறிய தமிழர்களின் அல்வால்–போலாரம் தமிழ் நண்பர்கள் மன்றம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பட்டிமன்றம் நடத்தும். குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று பதினெட்டு வருடமாக அங்கே விசாரணை நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. இந்த வருடம் செயலாளராக வந்த பெர்லின்தான் வழக்கத்தைக் கெடுத்தான். ‘உள்நாட்டுப் போரில் அயல்நாடு தலையிடுவது காப்பதற்கா, கெடுப்பதற்கா?’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டான்.

மன்றத்தின் நிரந்தர நடுவர் பத்ரிநாராயணன் நோட்டீஸைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்ப்பா, இதுல சிரிக்கறதுக்கு எங்கே இடம் இருக்கு?”

“ஒரு வருஷம் சிரிக்காட்டி ஒண்ணும் ஆயிடாது சார். டிவியில தினம் சூடான், மியான்மர்னு பார்க்கிறோம். நம்ம பட்டாளமும் இலங்கைக்குப் போச்சுல்ல? அதைப் பத்தி நம்ம ஆளுங்க ஒரு தடவையாவது பேசட்டுமே.”

அவன் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. 1987-இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன அவனுடைய அப்பா ஜோசியா திரும்பி வரவில்லை. அப்போது பெர்லின் அம்மா வயிற்றில் ஐந்து மாதம்.

மன்றத்தில் அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். பேசுகிறவர் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. கையில் எந்தச் சீட்டு வந்ததோ அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியப் பேச வேண்டும். பெர்லினுக்குக் ‘கெடுப்பதற்கே’ வந்தது, அவன் ஆசைப்பட்டதும் அதுதான். ‘காப்பதற்கே’ அணியில் கடைசியாகப் பேச வேண்டியவர், விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது டைபாய்டில் படுத்துவிட்டார். பெர்லின் தியோடருக்குப் போன் போட்டான்.

“மாமா, நீங்கதான் பேசணும். அங்கே போயிட்டு வந்த ஆளு இந்த ஏரியாவுலயே நீங்க ஒருத்தர்தான்.”

“எனக்கு மேடையெல்லாம் வராதுடா.”

“ஏழு நிமிஷம் மாமா. எதுக்குப் பயப்படுறீங்க? எங்கப்பாவோட ஃபிரெண்டுன்னு சொன்னாலே சனங்க கை தட்டுவாங்க.”

பெர்லின் ஒன்று கேட்டு தியோடர் மாட்டேன் என்று சொன்னது கிடையாது. அன்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு பழைய கோட்டைத் தேடி எடுத்தார். அறுபத்து மூன்று வயசில் ஏழு நிமிஷம் பேசினால் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தியோடர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அல்வாலில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. திங்கள் முதல் சனி வரை அவர் பேசுகிற பேச்சு மொத்தமும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். பால் கடையில் அரை லிட்டருக்கு ‘ஆதா லிட்டர்’, வாட்ச்மேனுக்கு ஒரு ‘ராம் ராம்’, அவ்வளவுதான். குக்கர் விசில் அடித்தால் “சரி, சரி, வாறேன்” என்று பதில் சொல்லுவார். சொல்லிவிட்டு, குக்கரிடமா பேசினோம் என்று கூச்சப்படுவார். சில நாள் அந்தக் கூச்சமும் வராது, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வேறு. அன்றைக்குக் கோயில் ஆராதனை முடிந்ததும் போலாரத்தில் ஜெயசுந்தரி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஜெயசுந்தரி ஜோசியாவின் மனைவி. இருபத்திரண்டு வயசில் விதவையாகி, கைக்குழந்தையோடு நாசரேத்திலிருந்து வந்து, ராணுவக் குடியிருப்புப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, பெர்லினை ஆளாக்கி, போன வருடம்தான் ரிடையர் ஆனவள். தியோடரை அவள் அண்ணே என்பாள், பெர்லின் மாமா என்பான், பெர்லினின் மகள் பிளெசி தாத்தா என்பாள். இந்த மூன்று வார்த்தையைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறு உறவு இல்லை.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. சுவரோரமாக, ஜோசியாவின் போட்டோவுக்கு முதுகு காட்டி உட்காருகிற நாற்காலி. முதல் தடவை அதில் உட்கார்ந்தபோது, “இங்கனதான் ஃபேன் காத்து நேரா வருது” என்றார். குளிர்காலத்திலும் அதே நாற்காலிதான். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஜெயசுந்தரி அவரிடம் அந்தப் பழைய நாட்களைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஜோசியாவின் டிரங்குப் பெட்டியை நாசரேத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தியோடர். பெட்டியோடு சாமான்களின் பட்டியலும் இருந்தது. அதன் அடியில் தனியாக இரண்டு வரி: உடலோடு கிடைத்தவை, துண்டு ஒன்று, சோப்பு டப்பா ஒன்று. “சண்டைக்குப் போனவுக துண்டும் சோப்பும் எதுக்கு எடுத்துட்டுப் போனாக ண்ணே?” என்று கேட்டாள். “தெரியலியே சுந்தரி” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. கணவனா மனைவியா என்று எதிர்பார்த்து வந்தவர்களும் சக்கரைப் பொங்கலை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். பத்ரிநாராயணனுக்கு முன்னால் அவருடைய பித்தளை மணி. ஆறாவது நிமிடம் ஒரு தட்டு, ஏழாவது நிமிடம் இரண்டு தட்டு. இரண்டாவது மணி அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். அவருடைய மச்சினரையே ஒருமுறை ‘ஆகவே’ என்ற வார்த்தையோடு உட்கார வைத்திருக்கிறார்.

முதலில் பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் காம்பவுண்டுச் சுவர் யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்துக்கொண்டா இருப்போம் என்று கேட்டார் ‘காப்பதற்கே’ அணிக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் நித்யஸ்ரீ எழுந்து ஒரே போடாகப் போட்டாள். “தீயணைக்க வந்தவங்க அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? ரெண்டு அரசாங்கம் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுச்சு. யார் வீட்டுல சண்டையோ அவங்க கையெழுத்து அதுல எங்கே இருக்கு?” கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பத்ரிநாராயணன்கூட ஜோக் சொல்ல மறந்துவிட்டார்.

பிறகு பெர்லின் வந்தான். உள்ளூரில் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்துதான் தகராறு. தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பக்கம் படித்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

“எங்கப்பா செத்தது ஒரு சாயங்காலம். மறுநாள் காலைல ஆறு மணிக்கு அந்த ஏரியாவுல சண்டை நிறுத்தம். பேச்சுவார்த்தை முடிஞ்சுது, ரெண்டு நாளைக்குத் துப்பாக்கி இல்லைன்னு சொன்னாங்க. ரெஜிமெண்ட்லேர்ந்து வந்த லெட்டர்லயே இது இருக்கு. ஒரே ஒரு ராத்திரி! அந்தச் செய்தி ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா எங்கப்பா இன்னிக்கு முன் சீட்ல உட்கார்ந்திருப்பாரு. எங்கேயோ ஏசி ரூம்ல எவனோ ஒரு ஆபீசர் ஃபைலை நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளி வச்சிருக்கான். அவனை நான் பார்த்ததில்லை. ஆனா தினம் திட்டுறேன். அடுத்தவன் நாட்டுச் சண்டையில போய் நிக்கிறவன் உசுரு, இப்படி எவனோ ஒருத்தனோட சோம்பேறித்தனத்துல தொங்குது. அதனாலதான் சொல்றேன், தலையிடுறது கெடுப்பதற்கே!”

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. முன் வரிசையில் ஜெயசுந்தரி கைதட்டவில்லை. மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்து தியோடர் சார்,” என்றார் பத்ரிநாராயணன். “பெர்லின் கேட்டதுக்குப் பதில் சொல்லாம போக முடியாது, ஆமா. அதுதான் பட்டிமன்ற தர்மம்.”

தியோடர் கோட்டில் மெடல்கள் ஆட மைக்குக்குப் போனார். பழுது பார்த்த பாலங்கள், திறந்து வைத்த ஆஸ்பத்திரி, பங்கிட்டுக் கொடுத்த அரிசி என்று நான்கு நாளாகக் கண்ணாடி முன் ஒப்பித்த பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது. நாலு நிமிடம் அதையே பேசினார். குரல் யாருடையதோ போல் இருந்தது. பெர்லின் எதிர் அணியில் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை, பிறந்ததே இல்லாத ஒரு மனுஷனை இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறானே என்று நினைத்தபோது தியோடருக்குத் தாங்கவில்லை.

“செய்தி லேட்டா வரல,” என்றார்.

பெர்லின் கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

“மொத நாள் சாயங்காலம் நாலு மணிக்கே வந்துட்டு. டெல்லியில யாரும் ஃபைலைத் தள்ளி வைக்கல. செய்தி வாங்குன ஆபரேட்டர் நான்தான்.” மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். “ரேடியோவுல செய்தி ரெண்டு பகுதியா வந்துச்சு. மொத பகுதியில, இந்த ஏரியாவுல சண்டை நிறுத்தம்னு இருந்துச்சு. எப்பயிலேர்ந்துங்கறது ரெண்டாவது பகுதியில. நடுவுல செட்டு இரைச்சல் எடுத்துட்டு. பதினோரு நிமிஷம் ஒண்ணும் கேக்கல. சட்டம் என்னன்னா, ரெண்டு பகுதியும் வந்து, எழுதி, ஆபீசர் கையில குடுக்குற வரைக்கும் ஆபரேட்டர் வாயைத் தொறக்கக் கூடாது.”

ஆறாவது நிமிட மணி எப்போது அடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அந்தப் பதினோரு நிமிஷத்துல...” என்றார்.

மணி இரண்டு தட்டு தட்டியது.

பத்ரிநாராயணனுக்கே அன்றைக்கு அடிக்க மனசில்லை. பழக்கத்தில் கை அடித்துவிட்டது. “பேசுங்க சார், பேசுங்க” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். தியோடர் பேசியிருக்கலாம். பேசவில்லை. மைக்கை விட்டு விலகிப் போய் உட்கார்ந்தார். மணி அடித்ததில் அவருக்கு ஒரு பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டார்.

கைதட்டல் பெர்லினுக்கு விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது. பத்ரிநாராயணன், “செய்தியை அனுப்பின நாட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வந்த வழியில்தான் தடங்கல்” என்று சொல்லி, ‘காப்பதற்கே’ அணிக்கு வெற்றி கொடுத்தார். தியோடருக்குச் சால்வை போர்த்தினார்கள். பெர்லின் ஓடி வந்து கட்டிக்கொண்டான். “செம பாயிண்ட் மாமா! இதை இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லாம, மேடைக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தீங்களா?” அவன் தோளுக்கு மேல், காலியாகிக்கொண்டிருந்த வரிசையில் ஜெயசுந்தரி இன்னும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து நாலைந்து பேர் கை குலுக்கினார்கள். தியோடர் வழக்கம்போல் போலாரத்துக்குப் பஸ் ஏறினார். வயிறு வலிக்கிறது என்று போன் போட்டுவிடலாமா என்று நான்கு ஸ்டாப்பும் யோசித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு இன்னொரு திங்கள் முதல் சனி வரை எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை.

மேஜையில் சோறும் சீலா மீன் குழம்பும் இருந்தன. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். பிளெசி மீனைப் பார்த்து “முள்ளு நக்கோ, வேணாம் பாட்டி” என்று தட்டைத் தள்ளினாள். பெர்லின் நேற்றைய கூட்டத்தின் படங்களைப் போனில் காட்டிக்கொண்டே சாப்பிட்டான். “அந்த ஏசி ரூம் ஆபீசரைத் திட்ட முடியாதே இனிமே, என்ன மாமா? ரேடியோவைத்தான் திட்டணும்.”

ஜெயசுந்தரி உட்காரவில்லை. அகப்பையோடு தியோடருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“அண்ணே, நேத்து மணி அடிச்சிட்டாக. மிச்சத்தைச் சொல்லுங்க.”

தியோடர் சோற்றைப் பிசைந்தார்.

“துண்டும் சோப்பும் அதுக்குத்தானா?” என்றாள். “சண்டை நின்னுட்டுன்னு நெனச்சுத்தான் அவுக குளிக்கப் போனாகளா?”

“ஆமா, சுந்தரி.”

“வேற யாரும் போனதாச் சொல்லலியே. அவுகளுக்கு மட்டும் யாரு சொன்னா?”

சொல்வதற்கு ஒரு பொய் இருந்தது. செட்டின் சத்தம் வெளியே கேட்டிருக்கும், அவனாகவே கேட்டிருப்பான். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த முகாமில் இருந்த யாரும் இந்த வீட்டுக்கு வரப் போவதில்லை. அந்தப் பொய்யைச் சொன்னால் இந்த நாற்காலி அவருக்குச் சாகும்வரை உண்டு. அடுத்த ஞாயிறும் சீலா மீன், அதற்கடுத்த ஞாயிறும் அண்ணே, மாமா, தாத்தா. அவர் திரும்பி, சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். ஜோசியாவுக்கு இருபத்தைந்து வயசு.

“நான்தான்,” என்றார்.

பெர்லின் போனைக் கீழே வைத்தான்.

“அந்த முகாம்ல தமிழ் தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேருதான். ஆபீசர் ரெண்டு கஜம் தள்ளி நின்னாரு, அவருக்கும் ஒண்ணும் புரியாது. வெளியே ஊரு பூரா தமிழ், உள்ளே ரெண்டு பேரு. என்ன கேட்டாலும் மொதல்ல அவன்கிட்டத்தான் சொல்லுவேன், அப்படியே பழகிட்டு. மொத பகுதி வந்ததும் ஹெட்போனைக் கழட்டாமலே, ‘லே ஜோசியா, சண்டை நின்னுட்டுலே’ன்னு கத்திட்டேன். அவன் என் தலையில ஒரு முத்தம் குடுத்தான். பதினோரு நாளா குளிக்கலலே, மேலெல்லாம் அரிக்கின்னுட்டு துண்டை எடுத்தான். கெணறு கம்பி வேலிக்கு வெளியே, முப்பது அடி. பனங்காட்டுக்குள்ளேர்ந்து ஒரே ஒரு வெடி. அதுக்கு அப்புறந்தான் ரெண்டாவது பகுதி வந்துச்சு. நாளைக் காலை ஆறு மணி முதல்.” தட்டை ஓரமாகத் தள்ளினார். “செய்தி வந்த நேரத்தையெல்லாம் லாக் புத்தகத்துல சரியா எழுதியிருந்தேன் சுந்தரி. யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல.”

பெர்லின் எழுந்து போய்க் கை கழுவினான். குழாய் வெகு நேரம் ஓடியது. பிறகு பிளெசியைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டான். தியோடரைப் பார்க்கவில்லை.

ஜெயசுந்தரி அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தியோடர் நினைத்தார். அவள் சமையலறைக்குப் போய், பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மூன்றடுக்குத் தூக்கு இருந்தது. மேஜையிலிருந்த சோற்றை ஒரு அடுக்கில் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். மூன்றாவது அடுக்கில் அவியல். மூடி, கொக்கியை மாட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

“வீட்டுல போய்ச் சாப்பிடுங்க.”

தியோடர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து தூக்கை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “சுந்தரி, அடுத்த வாரம்...” என்று ஆரம்பித்தார்.

“சூடு ஆறிரும். கெளம்புங்க,” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அல்வாலில் மாடிப்படி ஏறும்போது தூக்கு இன்னும் சுட்டது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நன்றாயிருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. மீன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூன்று அடுக்கையும் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கொக்கியை மாட்டினார்.

தூக்கு எவர்சில்வர். பிடியில் ஜெயசுந்தரியின் பெயர் வெட்டியிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவா என்றும் அவள் சொல்லவில்லை, நீயே வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நாளைக்கே போலாரத்துக்கு பஸ் ஏறலாம். போன் போட்டு, கழுவி வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். கை போனுக்குப் போனது. உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தூக்கைக் கண் படுகிற இடத்தில் மேஜைமேல் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குக்கர்கூட அடுப்பில் இல்லை, பதில் சொல்ல. ஜெயசுந்தரியிடமிருந்து வந்திருப்பது பாதிச் செய்திதான். இந்த முறை மீதி வருகிற வரைக்கும், அது எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனாலும், அவர் வாயைத் திறக்கப் போவதில்லை.